முப்பத்தொன்றாவது பிள்ளை

2025 பொங்கல் கழிந்த அடுத்த வாரம், ஆறு பேர் சேர்ந்து நாங்கள் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனோம். கையில் 85,000 ரூபாய் இருந்தது. பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறும் ஆயிரமுமாக மூன்று மாதம் சேர்த்த பணம். துபாயில் இருக்கிறவன் பத்தாயிரம் அனுப்பியிருந்தான். தேங்காய்க் களத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, ஐந்நூறு ரூபாயை நேரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, குடிதண்ணீருக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின் வைத்துவிட்டால் பள்ளிக்கூடம் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லாருமே மனதார நம்பினோம். அன்றைக்கு அங்கே பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. தலைமையாசிரியை பேச்சுவாக்கில் ஒரு கணக்கு சொன்னார். கிளம்பும்போது சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். அந்த இரண்டும்தான் இன்னும் என்னை விடவில்லை.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் பிரிந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர். கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் (மேய்ச்சல் நிலங்கள்), நடுநடுவே தேங்காய்க் களங்கள், மாரியம்மன் கோயில், பால் சொசைட்டி, அதற்கு எதிரே பள்ளிக்கூடம். நான் படித்தபோது நூற்று நாற்பது பிள்ளைகள் இருந்தோம். இரண்டு வகுப்பறை போதாமல் மூன்றாம் வகுப்பு வேப்ப மரத்தடியில் நடக்கும். இப்போது மரத்தடி காலியாக இருக்கிறது. இரண்டு அறையில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருந்தால் போதும். ஆகவே சட்டப்படி அங்கே ஒரு குறையும் இல்லை.

நாங்கள் கொண்டுபோன திட்டத்தை நண்பன் சொன்னான். தலைமையாசிரியை சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆர்.ஓ. மெஷின் என்றதும் மட்டும், "மெஷின் ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்க" என்று மூலையைக் காட்டினார். நாலைந்து வருடம் முன்பு யாரோ நல்ல மனசுக்காரர் வாங்கிக் கொடுத்தது. பக்கவாட்டில் கொடுத்தவர் பெயர் பளிச்சென்று இருந்தது, தண்ணீர் வரவில்லை. "ஃபில்டர் மாத்தோணுங்க. ஒரு தடவைக்கு நாலாயிரத்தி ஐந்நூறு ஆகுது. ரெண்டு தடவை என் கைக்காசுல மாத்துனேன். அப்புறம் முடியலைங்க." ஏன், அரசு பணம் தராதா என்று நான் கேட்டேன். அதற்குத்தான் அந்தக் கணக்கைச் சொன்னார்.

மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்துகிற சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருடத்துக்கு ஒரு பள்ளி மானியம் உண்டு. சாக்பீஸ், பதிவேடு, துடைப்பம், பினாயில், குழாய் ரிப்பேர் என்று அன்றாடச் செலவுக்கானது. தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000. அதற்கு மேல் 75,000, ஒரு லட்சம் என்று போகிறது. "நம்ம ஸ்கூல்ல சரியா முப்பது பேருங்க" என்றார். "இன்னொரு புள்ள இருந்தா இருபத்தஞ்சாயிரம் வந்திருக்கும்."

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எண்கள் என் தொழில். அங்கேயே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பத்தாயிரத்தை முப்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 333 ரூபாய். ஒரு பிள்ளை கூடினால் தலைக்கு 806. ஆனால் வகுத்துப் பார்ப்பதே தப்பு என்று பிறகு பட்டது. முப்பது பேர் குடிக்கிற மெஷினுக்கும் நூறு பேர் குடிக்கிற மெஷினுக்கும் ஃபில்டர் ஒன்றுதான். கூரை ஒழுகினால் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தா ஒழுகும்? கம்பெனியில் இதை நிலையான செலவு என்போம், உற்பத்தி குறைந்தாலும் அது குறையாது. சின்னப் பள்ளிக்கு இந்தச் செலவுதான் பாரம், அங்கேதான் மானியமும் குறைவு. பிள்ளை குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் பள்ளி மங்கும், மங்கின பள்ளியில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்?

பேசி முடித்து வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நாலே முக்கால் இருக்கும். மஞ்சள் வேன் வந்து பால் சொசைட்டி முன்னால் நின்றது. அதிலிருந்து இறங்கிய என் மகள், என்னைப் பள்ளி வாசலில் பார்த்த ஆச்சரியத்தில் "அப்பா!" என்று ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். கழுத்தில் டை, காலில் ஷூ. தலைமையாசிரியை குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "உங்க பாப்பாங்களா? எத்தனாவது கண்ணு?" என்று கேட்டார். "செகண்டு" என்றாள். "அப்படியா சாமி. எங்க ரெண்டாவதுல நாலு பேரு இருக்காங்க" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். குத்திக்காட்ட வேண்டும் என்ற எண்ணம் துளிகூட அவரிடம் இல்லை, அந்த முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

மூன்று வயதில் வருகிற வேன்

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவந்தாங்க. ஆனா நம்ம புள்ளைய அங்க போடறதுக்குன்னா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள். அவளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. மகளுக்கு மூன்று வயது ஆனபோது அவளைச் சேர்க்க அரசுப் பள்ளியில் வகுப்பே இல்லை. தொடக்கப் பள்ளி ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. அங்கன்வாடியில் சத்துமாவு கொடுப்பார்கள், தூங்க வைப்பார்கள். எதிர் வீட்டுக் குழந்தை வேனில் போய் ஏ, பி, சி சொல்லிக்கொண்டு வரும்போது எந்தத் தாய் ஐந்து வயது வரை காத்திருப்பாள்? 2019-ல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அங்கன்வாடியோடு சேர்த்து எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல காரியம். எங்கள் ஊரில் இருப்பது தொடக்கப் பள்ளி என்பதால் அது எங்களுக்கு வரவில்லை. அந்த இரண்டு வருடத்திலேயே ஊரின் பாதிப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். மூன்று வயதில் வேன் ஏறின பிள்ளை ஐந்து வயதில் இறங்கி, நடந்து பள்ளிக்குப் போகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

கொங்கு நாட்டில் இந்த வேன் கொஞ்சம் அதிக வேகமாகவே ஓடுகிறது. லாரி, கோழி, போர்வெல் ரிக், நூற்பாலை என்று சம்பாதித்த கை பள்ளிக்கூடமும் கட்டிப் பார்த்த மண் இது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் தள்ளிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைப்பார்கள். பிராய்லர் பள்ளி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 2017-ல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, அடுத்த ஆண்டு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறைக்கே ஒரு எண்ணம் ஊறிவிட்டது: காசு கொடுத்தால்தான் படிப்பு, எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்ல படிப்பு. என் சித்தப்பா மகன் அப்படியொரு விடுதியில் இரண்டு வருடம் இருந்தான். நல்ல மார்க்கும் வாங்கினான். இன்றைக்கும் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பாதிப் பொய்யாகிவிடும். எங்கள் பள்ளியில் இருந்த முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் அருந்ததியர் தெருப் பிள்ளைகள். மீதிப் பேரில் களத்திலும் ரைஸ் மில்லிலும் வேலை செய்ய வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. ஊர்த் தெருப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாரும் வேனில். ஆங்கிலம், ஒழுக்கம், கவனிப்பு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற காரணங்களுக்கு அடியில், யாருக்குப் பக்கத்தில் உட்காருவது, யார் சமைத்ததைச் சாப்பிடுவது என்பதும் இருக்கிறது. 2018-ல் அவிநாசிக்கு அருகே ஒரு அரசுப் பள்ளியில், பட்டியல் சமூகத்துப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று மறித்தது நம் மாவட்டத்தில்தான். எங்கள் ஊரில் யாரும் அப்படி மறிக்கவில்லை. மறிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். ஊரில் கையெழுத்துக்கும் சிபாரிசுக்கும் ஆளுள்ள வீடுகள் எல்லாம் பள்ளியை விட்டு விலகின பிறகு, அங்கே குழாய் உடைந்தால் யூனியன் ஆபீசுக்குப் போன் போட யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கு நிதி குறைவு என்பதை நான் இப்போது இப்படியும் புரிந்துகொள்கிறேன்: கேட்கிற குரலும் சேர்ந்து குறைந்திருக்கிறது.

அப்பாரு கொடுத்த பெஞ்சு

அந்தப் பள்ளியில் இன்னும் மூன்று பெஞ்சு இருக்கிறது, வேப்ப மரத்தில் செய்தது. காலில் ஆணியால் கீறி எழுதிய ஒரு பெயர் உண்டு, என் அப்பாருவின் (அப்பாவின் அப்பா) பெயர். ஐம்பதுகளின் கடைசியில், காமராஜர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோது கொடுத்தது. நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலம். கல்வி, நிதி இரண்டு துறையும் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி.சுப்பிரமணியத்திடம் இருந்தன. ஊர் ஊராக மக்கள் இடம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், மேசை நாற்காலி, தட்டு, சீருடை என்று கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர் இருபது சென்ட் நிலம் எழுதிவைத்தார், அப்பாரு பத்து பெஞ்சு கொடுத்தார். இதைச் சொல்லித்தான் நான் வாட்ஸ்அப் குழுவில் பணம் கேட்டேன். "எங்க அப்பாரு பெஞ்சு கொடுத்தாரு, நான் ஃபேன் கொடுக்கறேன்" என்று பெருமையாகவே எழுதினேன்.

மகள் கன்னத்தை டீச்சர் தொட்ட பிறகு அந்தப் பெருமை நிற்கவில்லை. அப்பாரு பெஞ்சு கொடுத்தார், அந்தப் பெஞ்சில் என் அப்பா உட்கார்ந்தார். நிலம் எழுதிவைத்தவரின் நாலு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். கொடுத்தவர்களும் படித்தவர்களும் ஒரே வீட்டுக்காரர்கள். அதோடு, ஊர் பெஞ்சு கொடுத்தபோது அரசு ஆசிரியரைக் கொடுத்தது, மதியச் சோற்றைக் கொடுத்தது. மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்த அரசு அது. நான் கொடுக்கிற மின்விசிறியின் கீழ் என் மகள் உட்காரப் போவதில்லை. அது நின்றுபோனால் எனக்குத் தெரியப்போவதும் இல்லை. அந்த ஆர்.ஓ. மெஷினைக் கொடுத்தவரும் கெட்டவர் இல்லை. அவர் பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் ஃபில்டர் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த மாதம் முழுக்க வேறொரு விஷயமும் ஓடிக்கொண்டிருந்தது. தனியார் பள்ளிகள் 500 அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப்போகின்றன என்று புத்தாண்டையொட்டிச் செய்தி வந்து, அரசியல் கட்சிகள் கண்டித்து, தத்துக் கொடுக்கிற எண்ணமே இல்லை என்று அமைச்சர் மறுத்தார். சமூகப் பொறுப்பு நிதியில் உதவி செய்ய முன்வந்தார்கள், அதைத் திரித்துவிட்டார்கள் என்பது விளக்கம். அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். எந்த அமைச்சரும் ஒரு நாள் காலையில் எழுந்து பள்ளிகளை விற்றுவிட மாட்டார். ஆனால் என் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. உதவிக்கு வருகிற எல்லாரும், நாங்கள் உட்பட, பொருளைத்தான் கொடுக்கிறோம். ஸ்மார்ட் போர்டு, பெயின்ட், பெயர்ப்பலகை. முப்பது வருடத்துக்கு ஒரு ஆசிரியரின் சம்பளத்தை யாரும் தத்தெடுத்ததில்லை, எடுக்கவும் முடியாது. கழிப்பறை கழுவுகிற அம்மாவுக்குச் சொற்பத் தொகுப்பூதியம் வருகிறது, அதைக் கூட்டித் தருகிறேன் என்று எந்தக் கம்பெனியும் வந்ததில்லை. படம் எடுத்துப் போட முடியாத செலவுகள்தான் ஒரு பள்ளியின் உயிர். அதை அரசு மட்டும்தான் செய்ய முடியும்.

அந்த இடத்தில் அரசு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை இழுத்துக்கொள்வதுதான் கவலை. 2012-ல் ஓவியம், உடற்பயிற்சி, தையல் என்று பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பன்னிரண்டு வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 2024-ல் அது 12,500 ஆனது. எங்கள் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஞாயிற்றுக்கிழமை மண்டபங்களுக்குப் பந்தல் வேலைக்குப் போகிறார். 2022-ல் காலிப் பணியிடங்களை நிரப்ப, பெற்றோர்கள் அதிகம் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவே தற்காலிக ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்ணுக்குக்கூட அதைவிட அதிகம் வரும். இது அரசுப் பள்ளியா, அரசுக் கட்டடத்துக்குள் நடக்கிற தனியார் பள்ளியா?

பட்ஜெட்டில் பணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் காலை எட்டரை மணிக்குக் கிச்சடி வாசம் வருகிறது, பசியோடு உட்கார்ந்த பிள்ளை இப்போது இல்லை என்று டீச்சரே சொல்கிறார். அதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் அவ்வளவு பெரிய தொகையிலிருந்து புறப்பட்டு வருகிற பணம், ஒரு தலைமையாசிரியை சுயமாகச் செலவழிக்கிற இடத்தை அடையும்போது வருடத்துக்குப் பத்தாயிரமாக இருக்கிறது. அதுவும் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு போடுகிற திட்டத்திலிருந்து வருகிற பணம். பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1966-லேயே கோத்தாரிக் குழு தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறது. ஐம்பத்து நான்கு வருடம் கழித்தும் அதே எண்ணை எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள். ஏழைப் பிள்ளை தனியார் பள்ளியில் சேர்ந்தால் கட்டணத்தை அரசு அந்தப் பள்ளிக்குத் திருப்பித் தரும். நகரத்தில் இதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். முப்பது பிள்ளை படிக்கிற ஊரில் என்ன ஆகிறது? அந்த இடமும் எல்.கே.ஜி.யில்தான் தொடங்குகிறது. அருந்ததியர் தெருவில் கொஞ்சம் விவரம் தெரிந்த தாய் யாரோ, அவள்தான் விண்ணப்பம் போடுகிறாள், அவள் பிள்ளைதான் போகிறது. அந்தத் தாயைத் தப்பு சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை, நான் காசு கட்டிச் செய்ததை அவள் சட்டப்படி செய்கிறாள். ஆனால் அரசு தன் பணத்தைக் கொடுத்துத் தன் பள்ளியிலிருந்தே பிள்ளையை அனுப்பி வைக்கிறது, பிறகு பிள்ளை இல்லை என்று அந்தப் பள்ளிக்கு மானியத்தைக் குறைக்கிறது. கடைசியில் 2019-ல் நடந்தது போல ஒரு அறிவிப்பு வரும். அந்த வருடம் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகம் ஆக்கினார்கள்.

ஜூன்

மகளை மாற்றலாமா என்று பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வீட்டில் பேச்சு. அவள் அழுதாள், அவளுக்கு வேனில் ஒரு தோழிக் கூட்டமே இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணீரில் என் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மகனுக்கு யு.கே.ஜி. முடிந்திருந்தது. அவனைப் பற்றிப் பேசினோம். என் அம்மா, "ஊரு என்ன நினைக்கும், கம்பெனியில உனக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னுதான் நினைக்கும்" என்றார். அவர் சொன்னபடியே மே மாதம் ஒரு கல்யாணத்தில் என் மாமா என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "மாப்பிள, பணம் ஏதாச்சும் வேணுமா? கூச்சப்படாம சொல்லு" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எங்கள் பக்கம் நொடித்துப்போன வீட்டின் அடையாளமாகிவிட்டது.

மனைவியை நான் வாதாடி ஜெயிக்கவில்லை. ஒரு நாள் அவளாகவே பள்ளிக்குப் போய், ஒன்றாம் வகுப்பில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்து அட்டைகளை வைத்துக்கொண்டு டீச்சர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறாள். "அந்தம்மா நல்லாத்தாங்க சொல்லித் தர்றாங்க. ஆனா ரெண்டு தடவை போன் வந்துச்சு, ஏதோ விவரம் ஆன்லைன்ல ஏத்தோணும்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வருஷம் பாக்கலாம். இங்கிலீசு நான் சாயந்தரம் சொல்லித் தர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 2-ம் தேதி பள்ளி திறந்த அன்றைக்கு மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தாம் வகுப்பு முடித்து எட்டுப் பேர் போயிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்கு மொத்தம் நாலு பேர். அதில் ஒரு பெண் குழந்தையின் அம்மா, 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று ஏப்ரலிலிருந்து காத்திருந்து, நிதித் தகராறில் ஜூன் வரை அது திறக்காததால் இங்கே வந்தவர். மூன்றாம் வகுப்பில் ஒரு ஒடியாப் பிள்ளை புதிதாகச் சேர்ந்தது. டீச்சர் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தார். இருபத்தேழு. என் மகனையும் சேர்த்துத்தான். இந்த வருடமும் பத்தாயிரம்தான்.

அந்த 85,000 ரூபாயில் ஃபில்டர் மாற்றினோம், கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்தோம், மீதியைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் போட்டுவைத்தோம். மெஷினில் இருக்கிற பெயருக்குப் பக்கத்தில் எங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் கேட்டேன். முப்பது பிள்ளைக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கும் குறைந்தது 25,000 மானியம் தர வேண்டும், எங்கள் தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி. தொடங்க வேண்டும், இரண்டே ஆசிரியர் இருக்கிற பள்ளியிலிருந்து யாரையும் வெளி வேலைக்கு எடுக்கக் கூடாது. கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, உங்க பையன் அங்கயா படிக்கறான்?" என்று கேட்டார். "ஆமாங்க, ஒண்ணாவது" என்றேன். அருந்ததியர் தெருவிலிருந்து வந்திருந்த பெண்களில் ஒருத்தி, நாங்கள் பணம் சேர்த்தபோது ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாளே, அவள்தான், எழுந்து நின்று, "தண்ணிக் குழாயையும் எழுதுங்க, மறுபடியும் ஒழுகுது" என்றாள். செயலர் அதையும் எழுதிக்கொண்டார்.